உப்பு வைத்து வளர்த்த மலைமரம்

தூத்துக்குடியில் ஒரு பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அதை உடைத்துப் பார்ப்பதுதான் வழக்கம். முத்துச் சிப்பியை அப்படித்தான் பார்த்தார்கள். உடைத்த பிறகு சிப்பியின் கதி என்ன என்று எந்தத் தரகரும் விசாரித்ததாகக் கேள்வி இல்லை. காசிலிங்கமும் இந்தக் கரையில் பிறந்தவர்தான் என்பதை வாசகர்கள் ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளட்டும். பின்னால் தேவைப்படும்.

காசிலிங்கத்துக்கு ஒரு திறமை உண்டு. கண்ணைக் கட்டிவிட்டு ஒரு பலகையை மூக்குக்குக் கீழே நீட்டினால் போதும். தேக்கா, அயினியா, மருதா, பர்மாப் பதாக்கா என்று சொல்லிவிடுவார். ரங்கூனில் ஒரு மரக்கிடங்கில் பதினோரு வருடம் பலகை அளந்து எழுதிச் சம்பாதித்த மூக்கு அது. ஆனால் அதே மனிதரை ஒரு மரத்தடியில் நிறுத்தி, தலைக்கு மேலே நிற்கிற இது என்ன மரம் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார். பனை தெரியும், வேம்பு தெரியும், முருங்கை தெரியும். மற்றதெல்லாம் அறுத்துக் கொண்டுவந்தால்தான் அவருக்கு மரம். இதில் கேவலம் ஒன்றும் இல்லை. கருவாட்டு வியாபாரிகளில் எத்தனை பேர் நீந்துகிற மீனைப் பார்த்திருக்கிறார்கள்?

ஆனால் கருவாட்டு வியாபாரியிடம் அவர் மனைவி, 'என் பிள்ளையை எந்த மரத்தடியில் போட்டிய?' என்று கேட்டதில்லை.

1941 ஐப்பசியில் காசிலிங்கத்தின் மாமனார் முத்தையாபுரத்தில் இறந்துபோனார். ரங்கூனுக்குத் தந்தி போனது. மனைவி பகவதி அழுதுகொண்டே கப்பல் ஏறினாள். மகள் முத்துக்கனிக்கு அப்போது எட்டு வயது. "பரீட்சை வருது. பிள்ளை இங்கன என்கூட இருக்கட்டும். தை பிறந்ததும் நீ திரும்பி வந்துருவல்லா" என்று மகளை நிறுத்திக்கொண்டவர் காசிலிங்கம்தான். மார்கழியில் ரங்கூன்மேல் குண்டு விழுந்தது. கப்பல் நின்றது. தை தவறாமல் பிறந்தது. பகவதி மட்டும் திரும்பிப் போகவில்லை.

1942 சித்திரையில் காசிலிங்கம் வந்து சேர்ந்தார். புரோம் வரைக்கும் கூட்டத்தோடு கூட்டமாக, அங்கிருந்து மலை தாண்டி அக்யாப் கரைக்கு நடையாக, பிறகு கப்பலும் ரயிலுமாக. வாசலில் நின்றவரைப் பகவதிக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் அவர் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள்.

"பிள்ளை எங்க?"

"காலரா, பகவதி. மலை மேல. மாசி மாசம்."

"எங்கன போட்டிய?"

"ஒரு மரத்தடியில. நானே தோண்டுனேன். நல்ல பெரிய மரம். ஒரு இலை கிடையாது, மரம் முழுக்கக் காயாத் தொங்குது. அப்பளம் மாதிரி வட்டக் காய், நடுவுல உப்பலா வித்து."

"என்ன மரம்?"

காசிலிங்கம் விரலை வளைத்துக் காயின் அளவைக் காட்டினார். பெயர் அவருக்குத் தெரியாது.

"பதினோரு வருசம் மரக்கிடங்கில இருந்திய."

"இலை இல்லாம நின்னுது, ஏளா."

"பதினோரு வருசம்," என்றாள் பகவதி மறுபடியும். அதோடு பேச்சு முடிந்தது. முடிந்தது என்றால் அன்றைக்கு மட்டும் இல்லை.

பர்மாவிலிருந்து முன்னால் வந்தவர்கள் ஊரில் ஒரு செய்தி சொல்லியிருந்தார்கள். நடக்க முடியாத பிள்ளைகளை வழியோரம் உட்கார வைத்துவிட்டு, 'தண்ணி எடுத்துட்டு வாரேன்' என்று சொல்லி நடந்துபோன தகப்பன்மார் உண்டு என்று. புதைத்தவனுக்கு இடம் தெரியும், விட்டுவிட்டு வந்தவனுக்குத்தான் மரம் தெரியாது என்பது பகவதியின் முடிவு. காரியம் செய்யச் சொந்தக்காரர்கள் வந்தபோது, "யாருக்குக் காரியம்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாள். அடுத்து ரேஷன் வந்தது. கார்டில் மூன்று பேர் எழுதச் சொன்னாள். பர்மாவில் இருக்கும் பிள்ளை, வந்துகொண்டிருக்கிறாள் என்றாள். ஆனால் மூன்றாவது ஆளுக்கான அரிசியை வாங்க மாட்டாள். "அவ வந்தப்பறம் வாங்கிக்கிடுதேன்." இல்லாத ஆளுக்கு அரிசி வாங்குகிற குடும்பங்களைப் பிடிக்க வந்த இன்ஸ்பெக்டர், ஆளை எழுதிவிட்டு அரிசியை வேண்டாம் என்கிற குடும்பத்தை என்ன சட்டத்தில் பிடிப்பது என்று தெரியாமல் மோர் குடித்துவிட்டுப் போனார்.

காசிலிங்கத்தின் மடியில் ஏழு காய்கள் இருந்தன. குழியை மூடியபோது மண்மேல் விழுந்து கிடந்தவை. எதற்காக எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. இப்போது தெரிந்தது. இது முளைத்து, வளர்ந்து, பூத்து, காய்த்தால் யாராவது ஒருவர் பெயர் சொல்லுவார். பெயரைப் பகவதியிடம் சொல்லலாம். சொன்னால் நம்புவாள். மனைவியை நம்ப வைக்க ஆண்கள் சாதாரணமாக ஐந்து நிமிடத்துக்கு மேல் செலவழிப்பதில்லை. காசிலிங்கம் ஏழு வருடம் எடுத்துக்கொண்டார்.

மண்ணெண்ணெய்த் தகரத்தில் போட்ட ஏழில் மூன்று முளைத்தன. ஒன்றை ஆடு தின்றது. ஒன்று ஆடு தின்னாமலே செத்தது. மிஞ்சியதை வீட்டுக்குப் பின்னால், பகவதி வைத்திருந்த தென்னைக்குப் பத்தடி தள்ளிக் குழி தோண்டி வைத்தார்.

முத்தையாபுரத்துக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தால் மறுபடி வைக்கத் தோன்றாது. காசிலிங்கம் அப்போது துறைமுகத்துப் பக்கம் தோணி கட்டும் காஜா முஹ்யித்தீன் முதலாளியிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தார். வேலை முடிந்ததும் ஊர்க் குழாயில் இரண்டு தகரம் நல்ல தண்ணீர் பிடித்துக் காவடியாகக் கட்டி, தினமும் மூன்று மைல் சுமந்துவந்து மரத்துக்கு ஊற்றினார். வழியில் கேலிக்குக் குறைச்சல் இல்லை.

"அண்ணாச்சி, மரம் குழாய்த் தண்ணிதான் குடிக்குமோ?"

"ஆமா."

"அப்ப வீட்டுல?"

"கிணத்துத் தண்ணிதான்."

"அடுத்த பிறவியில உம்ம வீட்டு மரமாப் பிறக்கணும்."

மரம் வளர்ந்தது. அல்லது வளருவது போலக் காட்டிக்கொண்டு நின்றது. இடுப்பளவு வந்ததும், இலையின் விளிம்பெல்லாம் தீயில் காட்டியது போலக் கருகும், உதிரும், மறுபடி நாலு இலை விடும், அதுவும் கருகும். எந்த மாதத்தில் உதிரும் என்று கிடையாது. எல்லா மாதமும் உதிர்ந்தது. முக்கியமாக ஒவ்வொரு வருடமும் ஐப்பசி மழைக்குப் பிறகு, ஊரில் எல்லாம் துளிர்க்கிற நேரத்தில், இது சாகக் கிடக்கும்.

பெயர் சொல்ல ஆள் வராமல் இல்லை. பெயர் சொல்ல ஆளில்லாத பொருள் நம் ஊரில் ஏது? பள்ளிக்கூடத்தில் தாவர பாடம் நடத்தும் ஜீவமணி சார் வந்து காயின் வர்ணனையைக் கேட்டு, "இது ஆயா மரம்," என்றார். பிறகு இலையைப் பார்த்து, "இல்லை," என்றார். இரண்டையும் ஒரே கம்பீரத்தோடு சொன்னார். "பூ வரட்டும். பூவைப் பாக்காம மரத்துக்குப் பேர் சொல்லுறவன் மூடன்." அடுத்து நாட்டு வைத்தியர் வன்னியபெருமாள் வந்து, பார்த்தவுடன், "புங்கு," என்றார்.

"புங்கு எனக்குத் தெரியும், அண்ணாச்சி. இது பர்மா மலையில நின்ன மரம்."

"பர்மாப் புங்கு."

"கிளையை வெட்டி மோந்து பாரும், வே. உமக்குத்தான் மூக்கு இருக்கே," என்றார் முதலாளி காஜா முஹ்யித்தீன். அதையும் செய்திருந்தார் காசிலிங்கம். விரல் பருமன் கிளையில் எல்லா மரமும் ஒரே வெள்ளை, ஒரே பச்சை வாடை. மரத்தின் பெயர் அதன் வைரத்தில், நடுவில் சிவந்தோ கறுத்தோ இறுகுகிற அந்தப் பகுதியில்தான் எழுதியிருக்கிறது. வைரம் அடிமரத்தில் இருக்கும். அடிமரத்தை அறுத்தால் பெயர் தெரியும், மரம் இருக்காது. காசிலிங்கம் வாளை எடுத்துப் பார்ப்பார், வைத்துவிடுவார். காவடியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போவார்.

இப்படியே 1948 ஐப்பசி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் குச்சியோடு வீட்டுக்குப் பின்னால் போனவர் அப்படியே நின்றுவிட்டார். பகவதி மரத்தடியில் குத்தவைத்து உட்கார்ந்து, வேரைச் சுற்றி மண்ணைக் கீறி, ஓலைப்பெட்டியிலிருந்து வெள்ளையாக எதையோ அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். உப்பு. பகவதி ஆறு வருடமாக உப்பளத்தில் கூலி வேலை செய்கிறவள்.

"என்னளா செய்த?"

"உப்பு வைக்கேன்."

"மரத்தைக் கொல்லப் பாக்கியா?"

பகவதி நிமிர்ந்து பார்த்தாள். "கொல்லவா? தென்னைக்கு வைக்கலையா? ஐப்பசியில உப்பு வைக்காத மரம் எந்த ஊருல காய்ச்சிருக்கு?"

இந்த ஊரில் காய்த்ததில்லை என்பது உண்மைதான். தென்னம்பிள்ளை வைக்கிற குழியில் உப்பும் சாம்பலும் போடாதவனை இந்தக் கரையில் மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். பெற்ற பிள்ளைக்குப் பால் கொடுக்காதவளைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள்.

"எத்தனை நாளா?" என்றார் காசிலிங்கம். குரல் இறங்கிவிட்டது.

"குழி தோண்டுன அன்னையிலேருந்து. நீங்க வெறும் மண்ணுல வச்சிட்டுப் போயிட்டிய. அப்ப உப்புக்கு வரி. வேலை விட்டு வாரப்ப சேலையை உதறிக் காட்டணும். கொண்டைக்குள்ள ஒரு பிடி, மடியில ஒரு பிடின்னு கொண்டாந்தேன். இப்பத்தான் வரி இல்லையே, பெட்டியோட கொண்டாரேன்."

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த சமயத்தில் உப்புக்கு வரி போனது. அதில் காசிலிங்கம் வீட்டு மரத்துக்கு உயிரும் போகப் பார்த்தது. புருஷன் மூன்று மைல் நல்ல தண்ணீர் சுமந்து ஊற்ற, மனைவி ஜெயிலுக்குப் போகிற குற்றம் செய்து உப்பு சுமந்து கொட்ட, ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை கேட்காமல் ஆறு வருடம் ஒரே மரத்தை வளர்த்திருக்கிறார்கள். பேசிக்கொள்ளாத வீட்டில் இது ஒரு வசதி.

"உனக்கு எதுக்குளா இந்த மரம்? நீதான் நான் சொன்னதையே நம்பலையே."

"அப்பளம் மாதிரி காய்னு சொன்னியல்லா. அது இதுல தொங்குதான்னு நான் என் கண்ணால பாக்கண்டாமா?" என்றாள். பெட்டியில் மிச்சம் இருந்த உப்பைப் பார்த்தாள். "இதுக்கு உப்பு ஆகாதா?"

"மலைமரம், பகவதி. உப்பைக் கண்ணால பாத்திருக்காது."

அன்று இருவரும் சேர்ந்து தோண்டினார்கள். வேரைச் சுற்றி இரண்டு முழ ஆழத்துக்கு உப்பு மண்ணை வெட்டி எடுத்தார்கள். மறுநாள் காசிலிங்கம் முதலாளியிடம் மாட்டுவண்டி கேட்டார், ஆற்று வண்டல் கொண்டுவர.

"தோணிக்கு மரம் கேட்டா, மரத்துக்கு மண் கேக்குதீரு. நடத்தும், வே," என்று வண்டியைக் கொடுத்தார் காஜா முஹ்யித்தீன்.

கார்த்திகை மழையில் மரம் குளித்தது. மார்கழியில் ஒரு இலைகூடக் கருகவில்லை. தையில் ஆள் உயரத்துக்கு மேல் பச்சைப் பசேலென்று நின்றது. பகவதி உப்பளத்துக்குப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். வீட்டில் பேச்சும் வந்திருந்தது; குழம்பில் புளி அதிகம், கூரையில் ஓலை மாற்ற வேண்டும் என்கிற அளவுக்கு. காசிலிங்கத்துக்கு அதுவே கல்யாணம் போல இருந்தது.

மாசி பிறந்தது. இலை மஞ்சளானது. பத்து நாளில், ஒன்று விடாமல், மொத்தமும் கொட்டி மரம் எலும்பாக நின்றது.

காசிலிங்கம் கூப்பிடாத ஆள் இல்லை. ஜீவமணி சார், பூ வந்தால் வரச் சொன்னேனே, இலை போனதற்கா கூப்பிடுகிறாய் என்று வருத்தப்பட்டார். வன்னியபெருமாள் வைத்தியர் மரத்தைத் தட்டிப் பார்த்தார். "தோண்டுனீரே, ஆணிவேர் அறுந்துட்டு. கதை முடிஞ்சுது. பட்டையை வெயில்ல போடாம எடுத்து வையும், மருந்துக்கு ஆவும்." ஒரு தோட்டக்காரன் இருந்திருந்தால் நகத்தால் பட்டையைக் கீறி, உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்த்திருப்பான். தூத்துக்குடியில் ஒரு தோட்டம் இருந்து, அதற்கு ஒரு தோட்டக்காரன் இருந்து, அவனுக்குக் காசிலிங்கத்தைத் தெரிந்தும் இருக்க வேண்டும். அதெல்லாம் நடக்கவில்லை.

மரக்கிடங்கில் படித்த பாடம் ஒன்று காசிலிங்கத்தைத் தூங்கவிடவில்லை. செத்த மரத்தை நிற்கவிட்டால் பூச்சி ஏறி வைரத்தைத் தின்றுவிடும். வைரம் போனால் பெயரும் போய்விடும். ஏழு காயும் போய், மரமும் போய், பெயரும் போனால், அப்புறம் பகவதியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவரிடம் ஒன்றும் இருக்காது. பூவும் காயும் இனி இல்லை. மிச்சம் இருப்பது மூக்கு ஒன்றுதான்.

மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பகவதி வேலைக்குப் போன பிறகு, வாளைத் தீட்டினார்.

அறுத்துச் சாய்க்க அதிக நேரம் ஆகவில்லை. கணுக்கால் பருமன் அடிமரம். சுற்றிலும் வெள்ளை, நட்டநடுவில் ஓரணாக் காசு அளவுக்குச் சிவப்பு. மூக்கை வைத்தார். அது ஒரு பெயர் சொன்னது. இருந்தாலும் நிச்சயம் வேண்டும். ரங்கூன் கிடங்கில் செய்வதைச் செய்தார். அந்தச் சிவப்பை மட்டும் உளியால் சீவி, கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டு, வெயிலில் வைத்தார். சிவப்பு மரத்தை ஊறவைத்த தண்ணீர் சிவக்கத்தானே வேண்டும்? இது ஓரத்தில் நீலம் காட்டியது, தண்ணீரில் மண்ணெண்ணெய் மிதக்கிற மாதிரி ஒரு நீலம்.

பகவதி வந்தபோது அவர் தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மரம் படுத்திருந்தது.

"பதாக், பகவதி," என்றார். "பதாக் மரம். எங்க கிடங்குல தண்ணியை நீலமாக்குறது இது ஒண்ணுதான். ரங்கூன்ல நான் அளந்ததுல பாதி இதுதான். பலகையா எத்தனை ஆயிரம் பாத்திருப்பேன். நின்ன மரமா எனக்குத் தெரியலையே."

பகவதி தம்ளரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"பதாக்குன்னா, வருசப் பிறப்புக்கு பர்மாக்காரிய தலையில வைக்கிற மஞ்சப் பூவா? ஒரே நாள்ல பூத்துக் கொட்டுமே."

"அதேதான்."

"நான் வாங்கி வச்சிருக்கேன், அவளுக்கு. ரெண்டு வருசம்." தம்ளரைக் கீழே வைத்தாள். பலகை அவருக்குத் தெரிந்திருந்தது, பூ இவளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற மரம் இரண்டு பேருக்கும் தெரியாமல் போயிருந்தது.

பிறகு குனிந்து அடிக்கட்டையைத் தொட்டாள். விரலில் சிவப்பாகப் பிசின் ஒட்டியது. ஈரம்.

"பச்சை மரத்தையா அறுத்திய?"

"இலை எல்லாம் கொட்டிட்டு, ஏளா. செத்துப்போச்சுன்னு..."

"அங்கனயும் இலை இல்லாமத்தான் நின்னுதுன்னு சொன்னிய. மாசி மாசம், ஒரு இலை கிடையாதுன்னு. வந்த அன்னைக்கு வாசல்ல நின்னு சொன்னிய. எனக்கு மறக்கல, உங்களுக்கு மறந்துட்டு."

மாசியில் இலை உதிர்ப்பது அந்த மரத்தின் குணம். ஆறு வருடமாக உப்பு தின்று எல்லா மாதமும் உதிர்த்துக்கொண்டிருந்தது. உப்பு போய் முதல் தடவையாக ஆரோக்கியமாக உதிர்த்த வருடம்தான் அறுபட்டது. காசிலிங்கம் வாளைப் பார்த்தார். அது அவருக்கு ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை.

"நெசமாவே புதைச்சியளா?" என்று கேட்டாள் பகவதி.

"என் கையால."

"ஆழமா?"

"இடுப்பளவு. நாய் நரி தோண்டாம இருக்கக் கல்லும் வச்சேன்."

பகவதி தலையாட்டினாள். நம்பிவிட்டாள். காசிலிங்கம் ஏழு வருடமாகக் கேட்டது கிடைத்தது. விட்டுவிட்டு வந்த பிள்ளை எங்காவது இருக்கலாம். மரத்தடியில் புதைத்த பிள்ளை எங்கும் இருக்க முடியாது. அதைப் பகவதி புரிந்துகொண்ட கணத்தை அவர் நேருக்கு நேர் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது. அதன் பிறகு அவள் போட்ட சத்தத்தில் தெரு முழுக்க ஓடிவந்தது. யார் செத்தது என்று கேட்டார்கள். எட்டு வயதுப் பிள்ளை என்றார் காசிலிங்கம். பெண்கள் பகவதியைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்த் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள், ஏழு வருடம் பிந்தி.

அடிக்கட்டைக்குப் பகவதி இப்போதும் குழாய்த் தண்ணீர் ஊற்றுகிறாள். உப்பு வைப்பதில்லை. ஒரு துளிர் வந்தது. ஆடு பார்க்காமல் இருந்தால் சரி.

பதினாறாம் நாள் காரியம் கழித்து இருவரும் ரேஷன் ஆபீசுக்குப் போனார்கள். கார்டில் ஒரு பெயரை அடிக்க வேண்டும் என்றாள் பகவதி. குமாஸ்தா கார்டைப் புரட்டினார். அந்தப் பெயருக்கு ஒரு படி அரிசிகூட வாங்காததைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"எப்ப செத்தது?"

"ஏழு வருசமாச்சு, சார்."

"எந்த இடம்? எழுதணும்."

"பர்மாவில. மலை மேல, ஒரு பதாக் மரத்தடியில."

குமாஸ்தா பேனாவை மையில் தொட்டார். "அது எந்தத் தாலுகா?"

பகவதி புருஷனைப் பார்த்தாள். பதினோரு வருடம் அங்கே இருந்த மனிதருக்கு அதுவும் தெரியவில்லை. இந்தத் தடவை அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

"மரத்துப் பேரை மட்டும் எழுதிக்கிடுங்க, சார்," என்றாள்.